பத்தாம் பக்கத்தில் நின்றுபோன புத்தகம்

கேள்வி: 2003-இல் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். அப்போது சி மொழி ஒரு பாடமாக இருந்தது. இப்போது வீட்டில் மாடு வைத்திருக்கிறோம். காலையும் மாலையும் 40 வீட்டுக்குப் பால் ஊற்றுகிறோம். கணக்கெல்லாம் நோட்டில்தான். அதைப் போனில் குறிக்க நானே ஒரு செயலி எழுதிப் பார்க்கலாமே என்று ஆசை. பழைய புத்தகக் கடையில் 150 ரூபாய்க்கு ஒரு ஆண்ட்ராய்டு புத்தகம் வாங்கினேன். 2014-இல் வெளிவந்தது. பத்தாம் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. அதில் இருக்கும் படங்களுக்கும் என் கணினித் திரைக்கும் சம்பந்தமே இல்லை. தட்டிய வரிகளில் பாதி சிவப்பாக நிற்கின்றன. கல்லூரியில் வாங்கிய கெர்னிகன், ரிச்சி எழுதிய சி புத்தகத்தின் கணக்குகளோ இன்றும் ஓடுகின்றன. அவ்வளவு பழைய புத்தகம் ஓடும்போது இது ஏன் ஓடவில்லை? புத்தகத்தில் இருக்கும் ஜாவா மொழி செத்துப்போய்விட்டது, அதனால்தான் என்கிறான் தம்பி. நான் எந்தப் புத்தகம் வாங்கட்டும்?
வாசகி, கும்பகோணம் அருகே ஒரு கிராமம்

பதில்: எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று மாதம் நாலு பேராவது கேட்கிறார்கள். வாங்கிய புத்தகம் ஏன் ஓடவில்லை என்று கேட்டவர் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான். அந்த 'ஏன்' விளங்கிவிட்டால் 'எது' என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். எனவே முதலில் தம்பியைக் கவனித்துவிட்டு வருகிறேன்.

தம்பி சொல்வது ஊரே சொல்வதுதான். அதில் ஒரு துளி உண்மையும் இருக்கிறது. ஆண்ட்ராய்டு செயலிகளை எழுதக் கோட்லின் என்ற மொழியையும் ஏற்பதாகக் கூகுள் 2017 மே மாதம் அறிவித்தது. 2019-இல் அதற்கே முதல் மரியாதை என்றது. ஜெட்பிரெயின்ஸ் என்ற நிறுவனம் உருவாக்கிய மொழி இது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகே உள்ள ஒரு தீவின் பெயரை அதற்கு வைத்தார்கள். ஆனால் கோட்லின் வந்ததால் ஜாவாவுக்கு யாரும் கருமாதி செய்துவிடவில்லை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, அதாவது செயலி எழுதுவதற்கென்று கூகுள் இலவசமாகத் தரும் மென்பொருள், இன்றைக்கும் ஜாவாவை ஏற்கிறது.

சந்தேகமிருந்தால் நீங்களே பார்க்கலாம். உங்கள் புத்தகத்தில் ஒரு சாதாரணக் கூட்டல் கணக்கோ, திரும்பத் திரும்பச் சுற்றும் ஒரு வரியோ இருக்கும். அதை மட்டும் ஒரு ஜாவா கோப்பில் தட்டுங்கள், சிவக்காது. பிறகு சிவந்து நிற்கும் வரிகளைப் பாருங்கள். பெரும்பாலும் பக்கத்தின் உச்சியில் 'இம்போர்ட்' என்று தொடங்குபவை, அல்லது அவற்றை நம்பி நிற்பவை. இம்போர்ட் என்றால், 'இன்னார் எழுதி வைத்த நிரலை எனக்கு எடுத்துக்கொடு' என்று கேட்பது. நீங்கள் பேசிய மொழியில் பிழை இல்லை. கடிதம் போட்ட ஆள் வீடு மாறிப் போய்விட்டார், அவ்வளவுதான்.

இனி உங்கள் சி புத்தகத்துக்கு வருவோம். கெர்னிகன், ரிச்சி எழுதியதன் இரண்டாம் பதிப்பு 1988-இல் வந்தது. முந்நூறு பக்கம்கூட வராது. அது பேசுவதெல்லாம் மொழியைப் பற்றியும், அதோடு ஒட்டி வரும் ஒரு சிறு நூலகத்தைப் பற்றியும் மட்டுமே. அந்த மொழிக்கு 1989-இல் அமெரிக்காவின் தர நிர்ணய அமைப்பு ஒரு வரையறை எழுதி வைத்தது. உலகத்தின் பாதி மென்பொருள் அதன்மேல் நிற்பதால் பழைய வரிகளில் கைவைக்க யாருக்கும் எளிதில் துணிச்சல் வருவதில்லை. சொந்த வீடு மாதிரி; தாத்தா அடித்த ஆணி அங்கேயே இருக்கும்.

ஆண்ட்ராய்டு வாடகை வீடு. பொத்தான் வரைய, கேமராவைத் திறக்க, போனில் உள்ள பெயர்ப் பட்டியலைப் படிக்க, எல்லாவற்றுக்கும் கூகுள் முன்பே எழுதி வைத்திருக்கும் பெரிய நிரல் தொகுதி ஒன்று உண்டு. அதைச் சட்டகம் என்பார்கள். நீங்கள் எழுதுவது நூறு வரி என்றால் அதைத் தாங்கி நிற்பது லட்சக்கணக்கான வரி. உங்கள் புத்தகம் பத்துப் பக்கம் மொழியைச் சொல்கிறது என்றால் மீதிப் பக்கம் முழுவதும் இந்தச் சட்டகத்தோடு எப்படிப் பேசுவது என்றுதான் சொல்கிறது. வீட்டுக்காரரோ ஏறக்குறைய ஆண்டுக்கொரு முறை வந்து ஏதாவது ஒரு பூட்டை மாற்றிவிட்டுப் போகிறார்.

2014-க்குப் பிறகு மாறிய பூட்டுகளில் உங்களைத் தடுத்தவை எவை என்று என்னால் ஊகிக்க முடிகிறது. உங்கள் புத்தகம் எக்லிப்ஸ் என்ற மென்பொருளை நிறுவச் சொல்லியிருக்கும். அப்போது செயலி எழுதுபவர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். 2014 டிசம்பரில் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவின் முதல் முழுப் பதிப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஜூனிலேயே எக்லிப்ஸுக்கான துணையை நிறுத்தப்போவதாகக் கூகுள் சொல்லிவிட்டது. படங்கள் ஒத்துப்போகாததற்குக் காரணம் இது. அடுத்தது அந்தச் சிவப்பு வரிகள். பழைய போன்களிலும் புது வசதிகள் ஓடவேண்டும் என்று கூகுள் 'சப்போர்ட்' என்ற துணை நூலகம் வைத்திருந்தது. 2018-இல் அதற்கு ஆண்ட்ராய்டுஎக்ஸ் என்று பெயர் மாற்றி, உள்ளே இருந்தவற்றின் முகவரிகளையும் மாற்றியது. உங்கள் இம்போர்ட் வரிகள் பழைய முகவரிக்குப் போய்க் கதவைத் தட்டிக்கொண்டிருக்கின்றன.

இதையெல்லாம் சரிசெய்துவிட்டாலும் இன்னொன்று காத்திருக்கிறது. ஒவ்வொரு செயலியும் எந்த ஆண்ட்ராய்டை மனதில் வைத்து எழுதப்பட்டது என்பதை ஓர் எண்ணால் சொல்லவேண்டும். 2014 புத்தகங்களில் அது 19 அல்லது அதற்குப் பக்கத்தில் இருக்கும். ஆண்ட்ராய்டு 14 ஓடும் போன், அந்த எண் 23-க்குக் கீழே இருந்தால் செயலியை நிறுவவே மறுத்துவிடும். புத்தகத்தை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருந்தால், கடைசியில் வாசலில் நிறுத்தப்பட்டிருப்பீர்கள்.

வீட்டுக்காரர் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அந்த 23 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. 2015-க்கு முன் ஒரு டார்ச் செயலியை நிறுவினால்கூட, 'இது உங்கள் பெயர்ப் பட்டியலைப் படிக்கும், இருப்பிடத்தைப் பார்க்கும்' என்று ஒரு நீளப் பட்டியல் வரும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சம்மதம். இல்லையென்றால் செயலியே கிடையாது. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 இதை மாற்றியது. எது தேவைப்படுகிறதோ அது தேவைப்படும் நேரத்தில் தனியாகக் கேட்கவேண்டும், பயனர் 'முடியாது' என்றும் சொல்லலாம் என்றாயிற்று. 23 என்பது அந்த ஆண்ட்ராய்டின் எண். அதற்கு முந்தைய எண்ணைப் போட்டுக்கொண்டு பழைய முறைக்குள் நுழைந்துவிடப் பார்க்கும் செயலிகளைத் தடுக்கத்தான் இந்த வாசல் காவல். எல்லா மாற்றத்துக்கும் இப்படி ஒரு நியாயம் இருக்கிறது என்று சொல்லமாட்டேன். சிலவற்றுக்குக் காரணம் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

அப்படியானால் புத்தகம் வாங்குவதே வீணா? இல்லை. ஒன்று மட்டும் மாறவில்லை: கைக்கருவி என்பது கைக்குள் இருக்கும் கருவி. பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி 1996-இல் வந்தது. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி பிறப்பதற்கு முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அலைந்தார். யாராவது ஏதாவது கேட்டால் கட்டையை எடுத்துத் தட்டிப் பார்ப்பாராம். மேசையில் உட்கார்ந்து யோசித்தால் இந்தக் கருவியின் குணம் பிடிபடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சி-யில் எழுதும்போது நாம்தான் எசமானர்; மெயின் என்ற இடத்தில் தொடங்கி, முடியும்வரை நிரல் நம் பேச்சைக் கேட்கும். போனில் எசமானர் வேறு. அழைப்பு வரும், பேட்டரி குறையும், நினைவகம் தட்டுப்படும், பயனர் போனைச் சாய்ப்பார். ஒவ்வொன்றுக்கும் உங்கள் செயலி எழுந்து இடம் விடவேண்டும்.

சாய்ப்பதையே எடுத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டில் ஒரு திரைக்குப் பொறுப்பாக இருக்கும் நிரல் துண்டுக்கு ஆக்டிவிட்டி என்று பெயர். போனை நேராகப் பிடித்திருந்தவர் குறுக்காகச் சாய்த்தால், வழக்கமாக ஆண்ட்ராய்டு அந்த ஆக்டிவிட்டியை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுகிறது. பதினேழாம் வீட்டுக்காரர் இன்றைக்கு ஒன்றரை லிட்டர் வாங்கினார் என்று தட்டிக்கொண்டிருக்கிறீர்கள். கன்று முட்டுகிறது, கை சாய்கிறது. அந்தத் திரையில் நீங்கள் கூட்டி வைத்திருந்த தொகை பூஜ்யமாகிவிடும். இது பிழை இல்லை, வடிவமைப்பே அப்படி. குறுக்குத் திரைக்கு வேறு அமைப்பு வேண்டியிருக்கலாம் என்பதால், இடித்துக் கட்டுவதே எளிது என்று முடிவு செய்தார்கள். ஆக்டிவிட்டி பிறப்பது, முன்னால் வருவது, பின்னால் போவது, அழிவது என்ற இந்த வரிசையை வாழ்க்கைச் சுழற்சி என்பார்கள். 2008-இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலும் இதுதான், இன்றும் இதுதான்.

எத்தனையோ பூட்டுகள் மாறியதற்குக்கூட இந்தச் சுழற்சிதான் மூலகாரணம். ஓர் உதாரணம். ஆண்ட்ராய்டு செயலி என்பது ஒரே மாஸ்டர் நடத்தும் டீக்கடை. வாடிக்கையாளரைப் பார்ப்பதும் டீ ஆற்றுவதும் அவரே. அவரைப் பிரதான இழை என்பார்கள். இணையத்திலிருந்து ஏதாவது கொண்டுவர அவரே கிளம்பிப் போனால் கடை உறைந்து நிற்கும். வாடிக்கையாளர் திரையைத் தொட்டு ஐந்து வினாடி ஆகியும் பதில் இல்லையென்றால், 'இந்தச் செயலி இயங்கவில்லை, மூடிவிடலாமா?' என்று ஆண்ட்ராய்டே கேட்டுவிடும். அதற்காக ஒரு எடுபிடிப் பையனை அனுப்பும் வசதி 2009-இலிருந்து இருந்தது. ஏசிங்க்டாஸ்க் என்று பெயர். உங்கள் புத்தகத்திலும் கட்டாயம் ஓர் அத்தியாயம் இருக்கும். பையன் பால் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் போனைச் சாய்த்துவிட்டால்? கடையை இடித்து வேறு கடை கட்டியாயிற்று. பையன் பழைய கடை வாசலில் பால் பாக்கெட்டோடு நிற்கிறான். சில நேரம் அதனாலேயே செயலி விழுந்துவிடும். பல ஆண்டுகள் எல்லாரும் இதில் அடிபட்ட பிறகு 2020-இல், ஆண்ட்ராய்டு 11-இல், இனி அதைப் பயன்படுத்தவேண்டாம் என்று கூகுளே சொல்லிவிட்டது.

ஆகவே கடைக்குப் போய் எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் நான் தேடுவது ஒரே பக்கத்தைத்தான். போனைச் சாய்த்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஆசிரியர் எங்கே சொல்கிறார்? முதல் நூறு, நூற்றைம்பது பக்கத்துக்குள் சொன்னால் அவருக்குக் கைக்கருவியின் குணம் தெரியும். கடைசியில் பின்னிணைப்பாகச் சொன்னால், அல்லது சொல்லவே இல்லையென்றால், பொத்தான் வைப்பது எப்படி என்று மட்டும் கற்றுத் தருவார். அந்தப் பக்கத்திலேயே வியூமாடல் என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். திரை இடிந்தாலும் இடியாமல் கணக்கைக் காத்து வைக்கும் பெட்டி அது, 2017-இல் வந்தது. ஆனால் செயலி பின்னால் போயிருக்கும்போது நினைவகம் போதாமல் ஆண்ட்ராய்டு அதை முழுவதுமாக அழித்துவிட்டால் அந்தப் பெட்டியும் போய்விடும். அப்போது என்ன செய்வது என்பதையும் சேர்த்துச் சொல்லும் ஆசிரியரை நம்பலாம்.

ஆண்டைப் பார்க்கும்போது மட்டும் கொஞ்சம் சூதானமாக இருங்கள். 'மறுஅச்சு' வேறு, 'திருத்திய பதிப்பு' வேறு. ஒருமுறை ஒரு கடையில் 2018 என்று போட்டிருந்த புத்தகத்தை நம்பி வாங்கி வந்தேன். வீட்டில் வந்து பிரித்தால் உள்ளே எக்லிப்ஸ் சிரிக்கிறது. அச்சிட்டது 2018, எழுதியது 2013. தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தில் பொடி எழுத்தில் எத்தனையாம் பதிப்பு, அது எந்த ஆண்டு என்று இருக்கும். அதைப் படித்த பிறகு பணத்தை எடுங்கள். கனத்தைப் பார்த்து ஏமாறவும் வேண்டாம். எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும் கனமான புத்தகங்கள் வேலை தெரிந்தவருக்கு அகராதி, புதியவருக்குத் தலையணை. நாலைந்து முழுச் செயலிகளை முதலிலிருந்து கடைசிவரை கட்டிக் காட்டும் புத்தகம்தான் உங்களுக்கு வேண்டியது.

பெயர் சொல்லவேண்டுமென்றால் எனக்குத் தெரிந்து ஆங்கிலத்தில் இரண்டு. டான் கிரிஃபித்ஸ், டேவிட் கிரிஃபித்ஸ் எழுதிய 'ஹெட் ஃபர்ஸ்ட் ஆண்ட்ராய்டு டெவலப்மென்ட்' ஒன்று. மூன்றாம் பதிப்பு, 2021. பக்கத்துக்குப் பக்கம் படம், அம்புக்குறி, கேலி. நிறுத்துகடிகாரச் செயலி ஒன்றைக் கட்டி, அது ஓடும்போது போனைச் சாய்த்து, பூஜ்யத்துக்குத் திரும்புவதைக் காட்டித்தான் வாழ்க்கைச் சுழற்சியையே தொடங்குகிறார்கள். மற்றது 'ஆண்ட்ராய்டு புரோகிராமிங்: த பிக் நெர்ட் ரான்ச் கைடு'. ஐந்தாம் பதிப்பு, 2022. இதில் முதல் செயலி ஒரு பூகோள வினாடி வினா. போனைச் சாய்த்ததும் முதல் கேள்விக்கே ஓடிவிடுகிறது. அதைத் திருத்துவதில்தான் பாடம் சூடுபிடிக்கிறது. இரண்டுமே என் பரீட்சையில் தேறியவை. இணைய வேகத்துக்குப் படித்துப் பழகியவர்களுக்கு முதலாவதை நீட்டுவேன். சி படித்த உங்களுக்கு இரண்டாவதைச் சொல்கிறேன். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதில் வரும் அடுத்த பெரிய செயலி, அலுவலகத்தில் நடக்கும் 'குற்றங்களை'க் குறித்து வைப்பது. எச்சில் பாத்திரத்தைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனவர் யார் என்கிற ரகம். ஒரு பட்டியல், தொட்டால் விவரம், தேதி, எல்லாம் போனுக்குள்ளேயே இருக்கும் தரவுத்தளத்தில் சேமிப்பு. குற்றவாளி இருக்கும் இடத்தில் வாடிக்கையாளரை வையுங்கள், குற்றம் இருக்கும் இடத்தில் லிட்டரை வையுங்கள். உங்கள் பால் கணக்கு பாதி முடிந்தது.

இந்த இரண்டாவது புத்தகத்தின் பெரும்பகுதி திரையைப் பழைய முறையில் வரையக் கற்றுத் தருகிறது. ஜெட்பேக் கம்போஸ் என்ற புது முறை 2021-இல் வந்தது. திரையைத் தனிக் கோப்பில் வரையாமல் கோட்லினிலேயே எழுதிவிடுவது அது. இப்போது கூகுள் பரிந்துரைப்பது அதைத்தான். புத்தகத்தின் இறுதி அத்தியாயங்கள் அதைத் தொடுகின்றன. மேலும் வேண்டுமென்றால் 'ஆண்ட்ராய்டு பேசிக்ஸ் வித் கம்போஸ்' என்ற பாடத்தைக் கூகுளே இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. நேரே அதற்கே போய்விடலாமே என்று கேட்பீர்கள். போகலாம். பொறுமையாக உட்கார்ந்து 'ஏன்' கேட்பவருக்கு நான் இன்னமும் புத்தகத்தைத்தான் முதலில் கொடுப்பேன்.

ஜாவா படித்துவிட்டுத்தான் கோட்லினுக்கு வரவேண்டும் என்று சொல்பவர்களையும் நம்பவேண்டாம். நேரே கோட்லின் படிக்கலாம்; ஆனால் படித்துவிட்டுத்தான் இந்தப் புத்தகத்தைத் திறக்கவேண்டும். கோட்லின் தெரியும் என்று எடுத்துக்கொண்டுதான் அது பேசுகிறது. மொழியின் சொந்த இணையதளத்தில் இருக்கும் அறிமுகப் பாடமே போதும். தினம் ஒரு மணி நேரம் என்றால் ஒரு மாதம். வெற்றுச் சுட்டியைத் தொட்டு நிரல் விழுந்த அனுபவம் சி-யில் உங்களுக்கு இருந்திருக்கும். ஒரு பெட்டி காலியாக இருக்கலாம் என்றால் அதன் வகைப்பெயருக்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி போடச் சொல்கிறது கோட்லின். போடாத பெட்டியைக் காலியாக விட விடாது. அந்த ஒன்றுக்காகவே உங்களுக்கு அதைப் பிடித்துவிடும்.

கணினியில் 8 ஜிபி ரேமாவது இருக்கவேண்டும். இருந்தாலும், கணினிக்குள்ளேயே ஒரு போனைப் போலியாக ஓட்டிக்காட்டும் எமுலேட்டர் திணறும். அதை விட்டுவிட்டு வீட்டில் கிடக்கும் பழைய போனை எடுங்கள். அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' என்று ஒரு வரி இருக்கும்; அதை ஏழு தடவை தட்டினால் நிரல் எழுதுபவர்களுக்கான பட்டியல் திறக்கும். அதில் 'யூஎஸ்பி டிபக்கிங்' என்பதை அனுமதித்து வயரில் இணைத்தால் செயலி நேரே போனில் ஓடும். பழைய போன் என்பதில் ஒரு லாபமும் உண்டு: நினைவகம் குறைவு, செயலிகளைச் சீக்கிரம் அழிக்கும். உங்கள் நிரல் தாக்குப்பிடிக்கிறதா என்று அதைவிடக் கறாராகப் பரீட்சை வைக்க ஆளில்லை.

அந்த 150 ரூபாய்ப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். அதில் ஆக்டிவிட்டியின் வாழ்க்கைச் சுழற்சி என்று ஓர் அத்தியாயம் இருக்கும், வட்டங்களும் அம்புகளுமாக ஒரு படத்தோடு. அதை மட்டும் இன்றே படியுங்கள். அது இன்றும் செல்லும். பால் கணக்குச் செயலி முதல் தடவை ஓடியதும், பாதி தட்டிய நிலையில் போனைச் சாய்த்துப் பாருங்கள். லிட்டர் நின்றதா, போனதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.